கேட் மாத்திரை

பாராசிட்டமால் அறுநூற்றைம்பது மில்லிகிராமுக்கு எங்கள் ஹாஸ்டலில் வைத்த பெயர் கேட் மாத்திரை. விழுங்கி முக்கால் மணி நேரத்தில் உடம்புச் சூடு இறங்கத் தொடங்கும். ஒன்றரை மணி நேரத்தில் நன்றாக இறங்கிவிடும். நாலு மணி நேரத்துக்குப் பயமில்லை, ஆறாவது மணியில் மறுபடி ஏறும். இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நோயாளிக்கு அடுத்த மாத்திரையை எப்போது தரவேண்டும் என்று தெரிவதற்காகச் சொல்லிக்கொடுத்தது அது. அதைக் கேட்டைத் தாண்டுவதற்கு வைத்துக்கொண்டது எங்கள் சொந்தப் புத்தி.

இரண்டாவது அலை வந்த வருடம் நான் நர்சிங் படிப்பில் மூன்றாம் வருடம். கல்லூரி மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஏறினால் தோப்புக்கு மேலே கடல் ஒரு கோடு போலத் தெரியும். மூன்றாம் வருடத்தையும் நாலாம் வருடத்தையும் கொரோனா வார்டுக்கு அனுப்பினார்கள். கல்லூரி பஸ்ஸில் போய் கல்லூரி பஸ்ஸிலேயே திரும்புவோம். டிவியில் எங்களை முன்களப் பணியாளர் என்று சொன்னார்கள். ஹாஸ்டலுக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் எங்கள் பஸ் வருவதைப் பார்த்தால் கடைக்குள் இரண்டடி நகர்ந்து நின்றுகொள்வார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர் செய்தது சரிதான் என்றும் தெரியும்.

இரண்டு வாரம் வார்டு, ஒரு வாரம் தனி அறை, பிறகு நாலு நாள் வீடு என்பது முறை. ஆள் பற்றவில்லை என்று அந்த முறை இரண்டு தடவை தள்ளிப்போனது, தனி அறை வாரம் இல்லாமலே போனது. வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டெஸ்ட் எடுத்து முடிவு வர மூன்று நாள் ஆகும், லீவே நாலு நாள், அதனால் டெஸ்ட் என்பது பேச்சோடு நின்றது. கேட்டில் வாட்ச்மேன் நெற்றிக்கு நேரே பிடிக்கும் அந்தச் சூடு பார்க்கும் துப்பாக்கிதான் மொத்தப் பரிசோதனையும். தொண்ணூற்றொன்பதைத் தாண்டினால் காம்பவுண்டுக் கடைசியில் இருந்த பழைய ஸ்டோர் கட்டடத்தில் பத்து நாள். லீவும் போகும், விட்டுப்போன வார்டு மணிகளையும் பிறகு ஈடுகட்ட வேண்டும். எனவே எங்கள் ஹாஸ்டலில் யாருக்கும் ஜுரமே வந்ததில்லை. எல்லாருக்கும் தொண்டை கரகரப்பு மட்டும்தான்.

எங்கள் அறையில் மூன்று கட்டில். ஒருத்தியை அவள் வீட்டுக்காரர்கள் முதல் வாரமே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நானும் கோவளத்துக்காரியும். அவள் அப்பாவுக்குக் கோவளம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. அவரை அவள் அத்தா என்பாள். காலியான மூன்றாவது கட்டிலின்மேல் ஒரு பிஸ்கட் டின் இருந்தது, அதுதான் எங்கள் மருந்துக் கடை. ஜிங்க், வைட்டமின் சி, அசித்ரோமைசின், பூச்சி மாத்திரை, அவள் அத்தா கொடுத்தனுப்பிய கபசுரக் குடிநீர்ப் பொடி எல்லாம் அதில். வார்டில் டாக்டர் யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்து, நாங்கள் எங்களுக்கே எழுதிக்கொள்வோம். அறுபத்தைந்து வயது சர்க்கரை நோயாளிக்கு எழுதியதை இருபது வயதுக்காரி தும்மலுக்குச் சாப்பிட்டாள். இதே நாங்கள்தான் முந்தின வருடம், மருத்துவர் ஆலோசனை இல்லாமல் மாத்திரை சாப்பிடாதீர்கள் என்று சார்ட் பேப்பரில் படம் வரைந்து கிராமம் கிராமமாகக் கொண்டுபோனவர்கள். என் சார்ட்டுக்கு முதல் பரிசு.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தன் கையால் தானே எடுத்து விழுங்கக் கூடாது. அப்படி விழுங்கினால்தான் அது சுயமருத்துவம். இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தால் அது நர்சிங். இதை யார் கண்டுபிடித்தார்களோ, ஹாஸ்டல் முழுவதும் இதை வேதவாக்காக நடத்தினோம். கொடுப்பவள் வார்டில் செய்வதுபோலவே ஐந்தையும் ஒப்பித்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நோயாளி தன் பெயரைத் தானே சொல்லவேண்டும். கோவளத்துக்காரி என்னை முழுப் பெயரும் அப்பா பெயரும் சொல்லவைத்துத்தான் வைட்டமின் மாத்திரைகூடத் தருவாள். எங்களுக்கு அப்போது சிரிப்பு வந்த ஒரே நேரம் அதுதான்.

எனக்கு ஊர் கருங்குழி. ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர். வெளிநாட்டில் இருந்து ஏங்குகிறவர்களுக்காவது தூரம் என்று ஒரு காரணம் இருக்கிறது. நான் மொட்டைமாடியில் கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நிற்பேன். அம்மாவுக்குத் தனியாகப் போன் இல்லை. அப்பா வேலையில் இருந்து வந்த பிறகு அவர் போனில்தான் வீடியோவில் வருவாள். வந்தாலும் பாதி நேரம் அவள் நெற்றியும் மேலே ஓடும் மின்விசிறியும்தான் தெரியும்.

"மூஞ்சக் காட்டும்மா."

"இன்னாத்த காட்றது. நீ வுட்டுட்டுப் போன மூஞ்சிதான்."

அப்பா பின்னாலிருந்து, "நாஸ்தா துன்னியாம்மா?" என்பார். எந்த நேரத்தில் பேசினாலும் அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. வார்டைப் பற்றிக் கேட்கமாட்டார். கேட்டால் நான் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

நாற்பத்தெட்டு நாள் என் தோலை இன்னொரு தோல் தொடவில்லை. வார்டில் என் கையைப் பிடித்தவர்கள் எல்லாரும் கையுறையைப் பிடித்தவர்கள். சில கிழவர்கள் விடமாட்டார்கள், அவர்கள் கைச்சூடு ரப்பரைத் தாண்டி வரும். நானும் கோவளத்துக்காரியும் கட்டில்களை எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டித் தள்ளிப் போட்டிருந்தோம். எனக்கு அம்மாவின் கை வேண்டும் என்று இருந்தது. இதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இருபது வயதில், நாலு பேருக்கு ஆக்சிஜன் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு, அம்மா தலையில் கைவைக்கவேண்டும் என்று இருந்தது.

கடைசியில் லீவு கிடைத்தது. கிளம்பவேண்டிய காலையில் எழுந்தபோதே முதுகு பிளந்துபோகிற வலி. டின்னில் இருந்த தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்.

"எவ்ளோ கீது?" என்றாள் கோவளத்துக்காரி.

"நூறு புள்ளி எட்டு."

"போனப் போட்டு அப்பாவத் திரும்பிப் போவச் சொல்லு."

"செங்கல்பட்டத் தாண்டி இருப்பாரு."

"தாண்டட்டும். திரும்பிப் போவறதுக்கு ரோடு இல்லியா?"

நான் அழுதேன். அவள் சொல்வது சரி என்பதால்தான் அழுதேன். அவள் எழுந்து மூன்றாவது கட்டிலுக்குப் போனாள். "பேஜாரு பண்ணாதடி" என்று சொல்லிவிட்டு டின்னைத் திறந்தாள்.

வழக்கம்போல ஐந்தையும் கேட்டாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னேன். நேரம் கேட்டபோது, "பத்து மணிக்குக் கேட்டு" என்றேன். அப்போது மணி எட்டரை. அவள் மாத்திரையை என் கையில் வைக்காமல் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அஞ்சும் சரியாத்தான் கீது," என்றாள். "ஆனா தப்பா கீதுடி."

"வெறும் ஒடம்பு வலிதான். மாஸ்க் போட்டுகினு தள்ளியே குந்திகினு இருப்பேன். மூஞ்சப் பாத்துட்டு வந்தாப் போதும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கொடுத்தாள். வழிக்கு இரண்டு அட்டையும் பையில் போட்டாள்.

கேட்டில் துப்பாக்கி தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது காட்டியது. "நல்லாக் கீறம்மா, பத்தரமா போய் வா," என்றார் வாட்ச்மேன் அண்ணாத்த. அவருக்கும் என் வயதில் பெண் உண்டு. அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

அப்பா சாலைக்கு அந்தப் பக்கம், பழைய மொபெட்டோடு நின்றுகொண்டு இருந்தார். ஞாயிறு ஜெபத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி, கார் உதிரிபாகங்களைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டவர்கள் நாங்கள். ஆஸ்பத்திரி வேலைக்குப் படிக்கும் முதல் ஆள் நான் என்பதால் என்னை அழைத்துப் போவதே அவருக்கு ஒரு விசேஷம். என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, "நாஸ்தா துன்னியாம்மா?" என்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் நிமிர்ந்தேதான் உட்கார்ந்து இருந்தேன். இரண்டு மாஸ்க். முகத்தைத் திருப்பி வயல் பக்கமாக மூச்சு விட்டேன். செங்கல்பட்டுக்கு முன்னால் போலீஸ் நிறுத்தினார்கள். அப்பா ஊரடங்குப் பாஸை எடுக்காமல், முதலில் என்னைக் காட்டினார்.

"பொண்ணு நர்சுங்க. கொரோனா வார்டுல கீது."

போலீஸ்காரர் பாஸைக்கூடப் பார்க்கவில்லை, கையை எடுத்து நெற்றியில் வைத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா வண்டியை ஓட்டிய விதமே வேறு. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது அவர் ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பாலத்தின்மேல்தான் என்னால் முடியாமல் போனது. மாஸ்க்கை இறக்கிவிட்டு முகத்தை அவர் முதுகில் வைத்தேன். அப்பா சட்டைக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை முறை துவைத்தாலும் இயந்திர எண்ணெயும் சலவை சோப்பும் கலந்து வரும். அதற்காகத்தான் வைத்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். ஈரமான துணி, அவ்வளவுதான்.

வாசனை போவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் கேட்டு எழுதியவள் நான். வெறும் உடம்பு வலி என்று காலையில் சொன்ன பொய்யில் கொஞ்சம் நம்பிக்கை கலந்து இருந்தது, பாலத்தின்மேல் அதுவும் போய்விட்டது. அப்பா, வண்டியைத் திருப்புங்க என்று மூன்று சொல் சொல்லி இருக்கவேண்டும். பாலம் நீளமான பாலம். சொல்ல நிறைய நேரம் இருந்தது. நான் முகத்தை எடுத்து மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன். இந்த ஒன்றைத்தான் போன மாதம்வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டு வாசலில் அம்மா வேப்பிலை போட்ட வெந்நீரோடு நின்றாள். குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று கட்டளை. "பெரிய டாக்டரு கணக்கா எளச்சிப் போயிருக்கியே" என்று ஆரம்பித்தவள், பாதியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்குத் தனித்தட்டு, தனி டம்ளர், தனிப்பாய். வாசல் அறையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். மீன் குழம்பு வைத்திருந்தாள். ருசியே தெரியாமல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, யாரும் பார்க்காமல். சத்தியத்தைக் காப்பாற்றுவதாக நானே நம்பிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. கோயில் பூட்டி இருந்ததால் எல்லாரும் வீட்டில். மதியம் சாப்பிட்ட பிறகு அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பாயில் உட்கார்ந்தாள்.

"தள்ளிப் போம்மா. வார்டுலேர்ந்து வந்துகீறேன்."

"தல சடபுடிச்சிக் கீது. ரெண்டு நிமிசம்."

அவள் விரல் மண்டையில் பட்டதும் நான் சரிந்துவிட்டேன். இதற்குமேல் எனக்கு விளக்கம் இல்லை. மடியில் தலையை வைத்தேன், அப்படியே தூங்கிப்போனேன். இரண்டு மணிக்குப் போடவேண்டிய மாத்திரை பையிலேயே இருந்தது. நான் எழுந்தபோது வெயில் இறங்கி இருந்தது, உடம்பு கொதித்துக்கொண்டு இருந்தது. அம்மா அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்து இருந்தாள். அப்பா வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சட்டென்று எழுந்து, முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் மாத்திரையை விழுங்கினேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு தூக்கம் தூங்கியதில்லை. இன்றைக்கும் அந்தத் தூக்கம் வேண்டும் என்று இருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

நாலாம் நாள் ஜுரம் விட்டுவிட்டது. மிச்சம் இருந்த ஆறு மாத்திரையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். மறந்து வைத்ததல்ல. வீட்டில் இருக்கட்டுமே என்று வைத்தது.

இரண்டு நாள் கழித்து, நான் வார்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா போன் செய்தார்.

"ஏம்மா, அந்த மாத்திர எத்தினி மணி நேரம் தாங்கும்?"

"ஆறு மணி நேரம்பா. இன்னாத்துக்கு?"

"சும்மாதான். நாஸ்தா துன்னியா?"

பஸ் கிளம்பப்போகிறது என்று ஹாரன் அடித்துக்கொண்டு இருந்தார்கள். துன்னேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கம்பெனி கேட்டிலும் அதே துப்பாக்கி என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒப்பந்தத் தொழிலாளி ஜுரம் என்று வீட்டுக்குப் போனால் அந்த இடத்தில் மறுநாள் வேறு ஆள் நிற்பான் என்பதும் தெரியும். அவர் நர்ஸ் பெண் சொன்ன நேரக் கணக்குப்படி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனார். கம்பெனி பஸ்ஸில் ஏறி, பெட்டி அடுக்கி, திரும்பி வந்தார். நாலாம் நாள் வீட்டுப் படி ஏற முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை அது. எனக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தபோது அவர் முகத்தில் குழாய் இருந்தது, பேச முடியாது. நான் முழு உடுப்பில் இருந்தேன், என்னை அடையாளம் தெரிந்ததா என்று சொல்லமுடியாது. கையுறை போட்ட கையால் அவர் கையைப் பிடித்தேன். மறுநாள் போய்விட்டார். கல்லறைக்கு நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்களுக்குத் தெரியாத நகராட்சி ஆட்கள்.

அம்மாவுக்கும் ஜுரம் வந்து, இருமலோடு போயிற்று. அவள் பிழைத்தது என்னால்தான் என்று ஊரெல்லாம் சொன்னாள். "எம் பொண்ணு போன்லயே பாத்துகினா" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து அந்த இடத்தைவிட்டுப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

கோவளத்துக்காரி அந்த டின்னைக் கொண்டுபோய் எங்கோ போட்டுவிட்டாள். படிப்பு முடியும்வரை ஒரே அறையில்தான் இருந்தோம், ஆனால் அந்தக் காலையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. கல்யாணத்துக்கு அழைத்தாள், போனேன். மேடையில் என்னைக் கட்டிக்கொண்டு, "நான் குடுத்து இருக்கக் கூடாதுடி" என்று காதில் சொன்னாள். நான் அவள் முகத்தை மை கலையாமல் துடைத்துவிட்டு இறங்கி வந்தேன். கேட்டவள் நான், கொடுத்ததுதான் குற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டு இருக்கிறாள்.

இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. மாடிப் போர்ஷன் ஒன்றில் நானும் அம்மாவும். போன மாதம், பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி ஜுரத்தை மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு டூட்டிக்கு வந்திருந்தாள். கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்தேன். வார்டு நடுவில் நிற்கவைத்துக் கத்தினேன். அவள் அழுதுகொண்டே, "வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு சிஸ்டர், லீவு கட்டாயிடும்" என்றாள். அவளைப் படுக்கவைத்து, எனக்குப் பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னாடி, அதுக்குள்ள வந்துட்ட?" என்றாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பாலத்தின்மேல் நடந்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு நான்தான் கொண்டுவந்தேன் என்று சொன்னேன். கம்பெனியிலும் வந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் ஒரு துண்டை நாலாக மடித்து வைத்தாள்.

"எனுக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மடியில படுத்துகினு இருந்தியே, அப்போ. தொடை ரெண்டும் சுட்டுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்ன எழுப்பி இருக்கலாமேம்மா. அப்பாவையாச்சும் தள்ளி இருக்கச் சொல்லி இருக்கலாமே."

"எழுப்பத்தான் போனேன். ஜொரம்யா, தொட்டுப் பாருன்னு அவராண்ட சொன்னேன். அவரு வந்து உன் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. தூங்கட்டும் வுடு, மறுபடியும் எப்ப வுடுவானுங்களோ தெரியலன்னாரு." அம்மா அடுத்த துணியை எடுத்தாள், மடிக்கவில்லை. "அப்புறம் அவரும் காலாண்ட குந்திகினாரு. உன் கால ரெண்டையும் எடுத்து மடியில வச்சிகினு அமுக்கிகினே இருந்தாரு."

"எவ்ளோ நேரம்?"

"நீ எழுந்துக்கற வரைக்கும். நீ அசையறதப் பாத்ததும் கால மெதுவாக் கீழ வச்சிட்டு, எழுந்து வாசலாண்ட போய் நின்னுகினாரு."

நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். கண்ணை மூடி, அந்த மதியத்தை ஆரம்பத்தில் இருந்து நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவின் விரல் மண்டையில் படுவதுவரை தெளிவாக வருகிறது. என் காலை யாரோ பிடித்துக்கொண்டு இருந்ததாக ஒரு சின்ன நினைவுகூட வரவில்லை.